வயலில் தூவிய தூள் எங்கே போனது?

பி.எச்.சி. பவுடர் என்ற பூச்சி மருந்து என்றால் கடலூர், தஞ்சாவூர்ப் பக்கம் ஐம்பதைத் தாண்டிய எந்த விவசாயிக்கும் தெரியும். பத்து சதவீதத் தூள், மூட்டையாக வரும், விலை மலிவு. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் நாவாய்ப்பூச்சி வந்து உட்கார்ந்துவிட்டால், விடியற்காலையில் பனி காய்வதற்கு முன்பே வயலில் இறங்கித் தூவிவிடுவார்கள். ஈரத்தில்தான் தூள் இலையில் ஒட்டும். கருவி இல்லாதவர்கள் பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டி, கழியில் மாட்டி உதறிக்கொண்டே வரப்போரம் நடப்பார்கள். வீட்டுக்கு வரும்போது தலையும் புருவமும் வெளுத்திருக்கும். குளித்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள்.

1948 முதல் 1990களின் நடுப்பகுதி வரை இந்தியா இப்படித் தூவிய பி.எச்.சி. பத்து லட்சம் டன்னுக்கும் மேல். அத்தனையும் எங்கே போனது என்று ஒருவர் கேட்டால், நம்மில் பலரும் மண்ணுக்குள் போயிருக்கும், மழையில் கரைந்து ஆற்றோடு கடலுக்குப் போயிருக்கும் என்றுதான் சொல்வோம். இந்தக் கேள்வியை உண்மையாகவே கேட்டு, வருஷக்கணக்கில் அளந்து பார்த்து விடை சொன்னவர்கள் இருக்கிறார்கள். அளந்த இடம் எங்கோ வெளிநாட்டில் இல்லை. வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையும் அதைச் சுற்றியுள்ள வயல்களும் பிச்சாவரமும்தான். இந்த வேலையைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஜப்பானின் ஷிகோகு தீவில் மாட்சுயாமா என்ற ஊர். அங்கே எஹிமே பல்கலைக்கழகம். ரியோ தட்சுகாவா, ஷின்சுகே தனாபே என்ற இரண்டு பேராசிரியர்கள் 1970களிலிருந்தே குளோரின் கலந்த நச்சுகளைத் தேடி உலகம் முழுக்க மாதிரி சேகரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நாட்டிலேயே இது பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானில் கறந்த பாலில் பி.எச்.சி. இருப்பது தெரியவந்தது. எப்படிப் பாலுக்குள் வந்தது என்று தேடிப் போனால், வயலில் மருந்து தூவிய நெற்பயிரின் வைக்கோலை மாடு தின்றிருந்தது. 1971ல் ஜப்பான் பி.எச்.சி.யையும் இன்னொரு பூச்சிக்கொல்லியான டி.டி.டி.யையும் நிறுத்தியது. மேற்கு நாடுகளும் ஏறக்குறைய அதே காலத்தில் டி.டி.டி.யைக் கைவிட்டன.

ஆனால் கடல் குறையவில்லை. அண்டார்டிகாவின் காற்றிலும் நீரிலும்கூட இந்த நச்சுகள் இருப்பதை தனாபே குழு 1983ல் எழுதியது. பணக்கார நாடுகள் நிறுத்திவிட்ட பிறகும் வருகிறது என்றால் வேறெங்கிருந்தோ வருகிறது. வெப்ப நாடுகளில் போய்ப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அப்போது அவர்களோடு இருந்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து போன அண்ணாமலை சுப்பிரமணியன். வட பசிபிக்கின் டால் கடற்பன்றிகளில் டி.டி.டி.யின் சிதைபொருள் கூடக்கூட ஆண் ஹார்மோன் குறைவதை 1987ல் காட்டிய ஆய்வு அவருடையது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. ஆறு, கழிமுகம், அலையாத்திக் காடு, நெல் வயல் எல்லாம் கூப்பிடு தூரத்தில். இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

1987 இறுதியிலிருந்து ஓராண்டுக்கும் மேலாகப் பரங்கிப்பேட்டையில் காற்றைப் பிடித்தார்கள். பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சி, நுரைப்பஞ்சு வழியாகச் செலுத்தினால் காற்றில் இருக்கும் நச்சு பஞ்சில் தங்கிவிடும். ஆற்று நீரையும் பருவம் பருவமாக எடுத்தார்கள். பட்டம் தப்பாமல் விடை வந்தது. ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை, நெல் நிற்கும் மாதங்களில், காற்றிலும் நீரிலும் பி.எச்.சி. ஏறியது. அறுவடை முடிந்ததும் இறங்கியது. அதோடு விடவில்லை. ஒரு வயலில் வேண்டுமென்றே பி.எச்.சி. தூவி, அது மண்ணிலும் நீரிலும் மேலே காற்றிலும் எப்படிப் பிரிந்து போகிறது என்று பின்தொடர்ந்தார்கள்.

1991ல் வந்த கணக்கைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெள்ளாற்றுப் படுகையில் தூவிய பி.எச்.சி.யில் 99.6 சதவீதம் காற்றுக்குப் போய்விட்டது. கழிமுகத்துக்கு வந்தது 0.4 சதவீதம்தான். அப்படி வந்ததிலும் முக்கால் பங்கு நீர்ப்பரப்பிலிருந்து மறுபடி ஆவியாகிக் காற்றில் கலந்தது. ஆயிரம் கிலோ தூவினால் கடலுக்குத் தண்ணீர் வழியாகப் போய்ச் சேர்ந்தது ஒரு கிலோ.

ஆற்று நீரை மட்டும் பரிசோதித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? ‘பெரிதாக ஒன்றும் இல்லை, வெப்பத்தில் சிதைந்துவிடுகிறது’ என்று எழுதியிருப்பார்கள். வெப்ப நாட்டில் நச்சு சீக்கிரம் மறைந்துவிடும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். மறைந்தது உண்மைதான். மறைந்து எங்கே போனது என்று அடுத்த கேள்வியைக் கேட்டதால்தான் நமக்கு விடை கிடைத்தது. இந்த ஆய்வில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான்.

இனி அந்தத் தூளுக்குள் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். பென்சீனையும் குளோரினையும் வெளிச்சத்தில் சேர்த்தால் கிடைப்பது ஒரே பொருள் இல்லை. ஒரே அணுக்கள், ஆனால் அவை அமர்ந்திருக்கும் விதம் வேறு. அதனால் ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்று பல வகை கலந்து வரும். இதில் பூச்சியைக் கொல்வது காமா மட்டும். அதைத் தனியாகப் பிரித்தால் அதற்குப் பெயர் லிண்டேன். நம் வயல்களில் தூவிய மலிவுச் சரக்கில் காமா ஏழில் ஒரு பங்குகூடத் தேறாது. மீதி, பெரும்பாலும் ஆல்ஃபா, பூச்சிக்கும் பயன்படாமல் பயிருக்கும் பயன்படாமல் சும்மா கூடவே வந்தது. பிரித்தெடுக்கச் செலவாகும் என்பதால் பிரிக்காமலே விற்றார்கள். நம் விவசாயி பூச்சி மருந்தைக் காசு கொடுத்து வாங்கியபோது, அதில் பெரும்பகுதி ஆலைக் கழிவாக இருந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தக் கழிவும் சும்மா இருக்கவில்லை. ஆல்ஃபா எளிதில் ஆவியாகும், நெடுந்தூரம் பறக்கும். சூடான இடத்தில் எழும்பி, குளிர்ந்த இடத்தில் இறங்கும். இறங்கிய இடம் வெயில் கண்டால் மறுபடி எழும்பும். இப்படியே வடக்கே போய், ஆர்க்டிக் கடலின் குளிர்ந்த நீரில் கரைந்து தங்கிவிட்டது. ஆர்க்டிக் காற்றிலும் நீரிலும் ஒரு காலத்தில் மிக அதிகமாகக் கிடைத்த பூச்சிக்கொல்லி இந்த ஆல்ஃபாதான். எஹிமே குழு கப்பலேறி உலகக் கடல்களின் காற்றையும் மேல்நீரையும் அளந்து 1993ல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதைதான் தெரிகிறது. 1983ல் சீனா நிறுத்தியது, 1990களில் இந்தியா குறைத்தது. உடனே ஆர்க்டிக் காற்றில் அளவு இறங்கியது. காற்று சுத்தமானதும், அதுவரை வாங்கிக்கொண்டிருந்த கடல் திருப்பிக் காற்றுக்கு விட ஆரம்பித்தது.

பீட்டாவின் போக்கு வேறு. அது அவ்வளவாகப் பறக்காது, சிதையவும் சிதையாது. உடம்புக்குள் போனால் கொழுப்பில் தங்கும். மாட்டின் கொழுப்பில் தங்கினால் பாலில் வரும், பாலிலிருந்து வெண்ணெய்க்கு வரும், நம்மிடம் வரும், தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும்.

நான் வேதியியல் படித்துவிட்டுக் கொஞ்ச காலம் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்திருக்கிறேன். வெண்ணெயில் இந்த நச்சைத் தேடுவது எப்படி என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். முதல் வேலை பாட்டில் கழுவுவது. சோப்பு, தண்ணீர், அசிட்டோன், ஹெக்ஸேன் என்று வரிசையாகக் கழுவி அடுப்பில் வைத்து உலர்த்த வேண்டும். தேடும் பொருள் அவ்வளவு நுண்ணிய அளவில் இருப்பதால் கைரேகையின் எண்ணெய் பட்டால்கூடக் கணக்கு கெட்டுவிடும். வெண்ணெயை மெதுவாக உருக்கி, சோடியம் சல்பேட் தூள் வழியாக விட்டு ஈரத்தை எடுத்து, தெளிந்த நெய்யை ஹெக்ஸேனில் கரைப்போம். அப்புறம் பிரிபுனலில் ஊற்றி அடர் கந்தக அமிலத்தைச் சேர்த்துக் குலுக்குவோம். நெய் கண்ணெதிரே கருகும். முதலில் மஞ்சள், பிறகு செம்பழுப்பு, பிறகு கறுப்பு. கொஞ்ச நேரம் நிற்க வைத்தால் கறுத்த அமிலம் கீழே இறங்கி, மேலே தண்ணீர் போலத் தெளிந்த ஹெக்ஸேன் நிற்கும். பி.எச்.சி.யும் டி.டி.டி.யும் அந்தத் தெளிவில் இருக்கும். நெய்யைக் கரியாக்கிய அமிலம் அவற்றை ஒன்றும் செய்திருக்காது. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கும்போதெல்லாம், இதை நம் ஈரல் எப்படி உடைத்து வெளியே தள்ளும் என்று தோன்றும்.

அந்தத் தெளிவைச் சுண்டவைத்து ஒரு மைக்ரோலிட்டர் மட்டும் ஊசியில் எடுத்து வாயு நிறப்பிரிகைக் கருவிக்குள் செலுத்துவோம். கருவியின் மறுமுனையில் இருப்பது ஜேம்ஸ் லவ்லாக் 1957ல் உருவாக்கிய எலக்ட்ரான் பிடிப்பு உணர்வி. குளோரின் கலந்த பொருள் என்றால் துளியூண்டு இருந்தாலும் பிடித்துவிடும். இந்தச் சின்னக் கருவி வந்திராவிட்டால் டி.டி.டி. பென்குவின் வரை போனது உலகத்துக்குத் தெரிந்திருக்காது. திரையில் சிகரம் ஒவ்வொன்றாக எழும். முதலில் ஆல்ஃபா வரும்.

இதே வேலையை இந்தியாவின் உணவு முழுவதற்கும் செய்தவர் குருந்தாசலம் கண்ணன். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு எஹிமேவுக்கு ஆய்வுக்குப் போன தமிழர். அவரும் தனாபேயும் ரமேஷ் என்ற ஆய்வாளரும் சுப்பிரமணியனும் தட்சுகாவாவும் சேர்ந்து, தானியம், காய்கறி, எண்ணெய், பால், வெண்ணெய், இறைச்சி, மீன் என்று அளந்து 1992ல் வெளியிட்டார்கள். ஓர் இந்தியர் ஒரு நாளைக்குச் சாப்பாட்டோடு உட்கொள்ளும் பி.எச்.சி. சராசரியாக 115 மைக்ரோகிராம், டி.டி.டி. 48 மைக்ரோகிராம் என்று கணக்கிட்டார்கள். வளர்ந்த நாடுகள் பெரும்பாலானவற்றைவிட இது அதிகம். அதிகமாக வந்த வழி அரிசியோ காய்கறியோ அல்ல, பால் பொருள்களும் கால்நடைக் கொழுப்பும். ஜப்பானில் 1970ல் பார்த்த அதே வைக்கோல் வழி நம்மிடமும் திறந்துதான் இருந்தது. நம் மாடு வைக்கோலும் தவிடும் தின்றுதான் வளர்கிறது.

தாய்ப்பாலையும் இந்தக் குழு 1990லேயே அளந்திருந்தது. தென்னிந்தியத் தாய்மார்களின் பாலில் பி.எச்.சி., டி.டி.டி. இரண்டும் தூக்கலாக இருந்தன. மின்மாற்றி எண்ணெய் போன்றவற்றில் பயன்பட்ட, தொழிற்சாலை நாடுகளில் தூக்கலாக இருந்த பி.சி.பி. என்ற ரசாயனம் நம்மிடம் குறைவு. எங்கள் ஊர் மண்ணில் என்ன தூவினோமோ அதன் கையெழுத்து அந்தப் பாலில் இருந்தது. இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் பயந்து பால் கொடுப்பதை நிறுத்திவிடக் கூடாது. தாய்ப்பாலை அளப்பது அதில் கொழுப்பு இருப்பதாலும், ஊசி குத்தாமல் கிடைப்பதாலும்தான். குழந்தைக்கு அதைவிட நல்ல உணவு இல்லை என்பதில் இந்தத் துறையில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சரிசெய்ய வேண்டியது மாட்டுக்குப் போகும் தீவனத்தையும் வயலில் விழும் மருந்தையும்.

புவனகிரிப் பக்கம் என் பெரியப்பா இருக்கிறார். வெள்ளாற்றங்கரையிலேயே வாழ்க்கை முழுக்க நெல் போட்டவர். ஆர்க்டிக் கதையை அவரிடம் சொன்னேன். பனிக்கரடி வரைக்கும் போகிறது என்றேன்.

“ஏம்ப்பா, நாங்க தூவுனது அங்கயா போச்சு? இங்கதானே பாதி நாங்களே தின்னுருப்போம்னு நெனச்சேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அப்பவே எவனாவது சொல்லியிருக்கலாம்ல” என்றார்.

எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லத்தான் செய்தார்கள், ஆங்கிலத்தில், ஆய்விதழ்களில். அவர் வயலுக்குக் கொஞ்சம் தள்ளி எடுத்த காற்று மாதிரியின் முடிவு இங்கிலாந்தில் அச்சாகி, உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்டது. புவனகிரிக்கு மட்டும் வரவில்லை. தூவியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சிபாரிசுப் பட்டியலில் இருந்ததை, கடையில் கிடைத்ததை, கையில் இருந்த காசுக்கு வாங்கினார்கள். 1997ல் இந்தியா பி.எச்.சி.யைத் தடை செய்தது. டி.டி.டி.யை விவசாயத்தில் 1989லேயே நிறுத்தியிருந்தது. தடை வந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் கையில் எண்கள் இல்லாமல் எந்தத் தடையும் வந்திருக்காது.

தடைக்குப் பிறகும் இவர்கள் அளப்பதை விடவில்லை. 2007ல் சுப்பிரமணியனும் தனாபேயும் வெளியிட்ட ஆய்வு, சென்னைத் தாய்மார்களின் பாலில் இந்த நச்சுகள் இன்னும் அதிகமாகவே இருப்பதாகத் தலைப்பிலேயே சொன்னது. பீட்டா அவ்வளவு சீக்கிரம் போகாது.

அதைவிட என்னைக் கலங்கடித்தது 2004ல் வந்த ஒரு கட்டுரை. இந்தியா, கம்போடியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் நாடுகளின் திறந்தவெளிக் குப்பைமேடுகளைச் சுற்றி வாழும் தாய்மார்களின் பாலில் டயாக்சினைத் தேடினார்கள். இந்தியாவில் எடுத்துக்கொண்ட இடம் சென்னையின் பெருங்குடி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. டயாக்சின் யாரும் தயாரிக்கும் பொருள் அல்ல. பிளாஸ்டிக்கும் மற்றக் குப்பையும் அரைகுறையாக எரியும்போது தானாக உருவாவது. பெருங்குடி மேட்டருகே இருந்த தாய்மார்களின் பாலில் அது மற்ற இடத்துத் தாய்மார்களைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. எந்த வழியாக வந்தது என்று பார்த்தபோது சந்தேகம் மாட்டுப் பாலின் மேல் விழுந்தது. பெருங்குடி வழியாகப் போனவர்களுக்குத் தெரியும், அந்த மேட்டில் அப்போது மாடுகள் மேய்ந்தன. அங்கே மேய்ந்த மாட்டின் பாலை அக்கம்பக்கத்தில் வாங்கிக் குடித்தார்கள். வைக்கோல் இருந்த இடத்தில் குப்பை. மாடும் பாலும் அதேதான்.

மாட்டை எங்கே மேய விடுகிறார்கள் என்று பால்காரரிடம் கேட்பது நம் வீடுகளில் பெரியவர்களின் பழக்கமாக இருந்தது. பால் கெட்டியாக இருக்குமா என்பதற்காகக் கேட்டார்கள். இப்போது அந்தக் கேள்விக்கு இன்னும் கனம் கூடியிருக்கிறது.

கண்ணன் பிறகு அமெரிக்கா போனார். அங்கே அவர் செய்த வேலைகளைப் படித்தால், ஒரு மனிதர் இத்தனை இடங்களில் தேட முடியுமா என்று வியப்பாக இருக்கும். 2001ல் ஜான் கீசியும் அவரும் எழுதிய கட்டுரை, ஒட்டாத பூச்சு, கறை படியாத துணி போன்றவற்றின் ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.எஸ். என்ற பொருள் உலகம் முழுக்கக் காட்டுயிர்களின் உடம்பில் இருப்பதைக் காட்டியது. பனிக்கரடியிடமும் இருந்தது, நடுப் பசிபிக் தீவின் ஆல்பட்ராஸ் பறவையிடமும் இருந்தது. இது பழைய நச்சுகள் மாதிரி கொழுப்பில் தங்குவதில்லை, ரத்தத்திலும் ஈரலிலும் தங்கும். அதனால்தான் கொழுப்பையே தேடிக்கொண்டிருந்தவர்கள் கண்ணில் இத்தனை காலம் படவில்லை.

2011ல் அவர் குழு 21 நாடுகளின் பணத்தாள்களைப் பரிசோதித்தது. எல்லாவற்றிலும் ரசீதுத் தாளின் பூச்சில் சேர்க்கும் பிஸ்ஃபீனால் ஏ என்ற ரசாயனம் இருந்தது. கடைகளில் தரும் வழுவழுப்பான ரசீது பர்ஸுக்குள் பணத்தோடு உரசிக் கிடப்பதால் ஒட்டிக்கொள்கிறது. 2021ல் கைக்குழந்தைகளின் மலத்தில் தண்ணீர் பாட்டில் செய்யும் பி.இ.டி. பிளாஸ்டிக்கின் நுண்துகள் பெரியவர்களைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருப்பதை எழுதினார்கள். ஆறு குழந்தைகள், பத்துப் பெரியவர்கள், அவ்வளவுதான் மாதிரி. சின்ன ஆய்வு, ஆனால் தவழ்கிற பிள்ளை எதை எடுத்து வாயில் வைக்கிறது என்று பார்க்க எனக்கு அது போதும்.

எஹிமேவில் ஒரு மாதிரி வங்கி இருக்கிறது. நாற்பது ஐம்பது ஆண்டுகளாகச் சேர்த்த திமிங்கலக் கொழுப்பு, பறவை ஈரல், மீன், மண் என்று லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை உறைநிலையில் வைத்திருக்கிறார்கள். இதன் பயனை ஓர் உதாரணத்தில் சொல்லலாம். 1972 முதல் 1998 வரை ஜப்பானியக் கரையோரம் எடுத்து வைத்த சீல்களின் கொழுப்பில், பிற்காலத்தில், புரோமின் கலந்த தீத்தடுப்பு ரசாயனத்தைத் தேடினார்கள். சேகரிக்கத் தொடங்கிய காலத்தில் இப்படி ஒன்றைத் தேட வேண்டும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. ஆனால் கொழுப்பு இருந்தது. 1972ல் மிகக் குறைவாக இருந்தது 1990களின் தொடக்கத்தில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கியதை வரிசையாகக் காட்ட முடிந்தது.

நமக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெள்ளாற்றின் மடவை, சம்பா வைக்கோல் ஒரு கட்டு, சேத்தியாத்தோப்பிலும் பெருங்குடியிலும் கறந்த பால், கொடுக்கச் சம்மதிக்கும் தாய்மார்களின் பால் கொஞ்சம். ஆண்டுக்கு ஒரு முறை எடுத்து, தேதியும் இடமும் எழுதி உறைய வைக்க வேண்டும். இன்றைக்கு நாம் பயன்படுத்தும் எந்த ரசாயனத்தை முப்பது வருஷம் கழித்து ஒரு மாணவி தேடப்போகிறாள் என்று இப்போது நமக்குத் தெரியாது. ஓர் அறை, தடையில்லாத மின்சாரம், பொறுப்பாகப் பதிவேடு எழுத ஓர் ஆள். தொடங்குவதற்குப் பரங்கிப்பேட்டையே நல்ல இடம்.